ராஜா இல்லாத கோட்டை, ஆள் இல்லாத பார்க்

எங்கள் வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. ஐந்தாவதாகப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள், அதை நான் எழுதுவதாக இல்லை. இதில் சாமி குறை 1981இல் தீர்ந்துவிட்டது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். தண்ணீர் குறையை 2021 நவம்பரில் பாலாறு ஒரேயடியாகத் தீர்த்தது. போன நவம்பரில் நான் என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: ஆள் இல்லாத தீம் பார்க். அதற்கு 5,526 ரூபாய் செலவு, ஒரு நாள் வார ஓய்வு போச்சு, அதற்கு மேல் இரண்டு நாள் சம்பளமும் போச்சு.

நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். எனக்கு வார ஓய்வு புதன்கிழமை. வீட்டுக்காரர் ஓசூரில், மாதம் இரண்டு முறை வருவார். பையன் ஆறாவது படிக்கிறான். தங்கை மகள் மூன்றாவது. கோடை விடுமுறையில் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லி இரண்டு வருடம் ஏமாற்றியாகிவிட்டது. மே மாதம் போய் வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு மணி நேரம் வரிசை, தலைக்கு மேல் வெயில், குழந்தை மயக்கம் போட்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்திசாலித்தனமான யோசனை வந்தது. சீசன் இல்லாத நேரம், அதுவும் வாரநாள், பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு நாள் லீவு. கூட்டம் இருக்காது, வரிசை இருக்காது, எல்லாவற்றிலும் இரண்டு ரவுண்டு போகலாம். யோசனை வந்தபோது மணி இரவு பதினொன்று. பதினொன்றே காலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். பெரியவருக்கு 1,190, சிறியவருக்கு 990. மூன்றும் சேர்த்து 3,170 வந்தது. வாரநாள் சலுகை என்று 20 சதவீதம் கழித்து 2,536. லாபம் பார்த்த சந்தோஷத்தில் தூங்கினேன்.

பார்க்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சென்னைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால் அந்த ஒரு இடத்தைத் திட்டிவிட்டு வேறொரு பார்க்குக்குப் போய் இதே போல மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் தப்பு வானிலையில். வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊர்க்காரிக்கு வானம் பார்த்தால் போதும் என்ற நினைப்பு. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் புது பஸ் ஸ்டாண்டில் நின்றபோது ஒரு மேகம் இல்லை. டீக்கடை டிவியில் கீழே எழுத்து ஓடியது: காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களில் கனமழைக்கு வாய்ப்பு. நம் மாவட்டம் அதில் இல்லையே என்று டீயைக் குடித்தேன். நான் போகிற இடம் நம் மாவட்டத்தில் இல்லை என்பது அந்த நேரத்தில் உறைக்கவே இல்லை! வடகிழக்குப் பருவமழை கடலில் இருந்து வருவது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரைப் பக்கம் விடியலில் ஊற்றிக்கொண்டிருக்கும், 130 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நமக்கு ஒரு சொட்டு இருக்காது. காவேரிப்பாக்கம் தாண்டும்போதே பஸ் கண்ணாடியில் தூறல். அப்புறம் ஷட்டரை இறக்கச் சொன்னார்கள். தேதியைப் பார்த்து டிக்கெட் போடுங்கள், தப்பில்லை. ஆனால் போகும் ஊரின் மாவட்டத்துக்கு வானிலை மையம் என்ன சொல்கிறது என்று முந்தின நாள் இரவு ஒரு முறையும் கிளம்பும் முன் ஒரு முறையும் பாருங்கள். அங்கே கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தால் நீங்கள் வீட்டில் பஜ்ஜி போட்டுச் சாப்பிடலாம்.

இரண்டாவது தப்பு பஸ்ஸில். அவசரத்தில் ஏறியது பாயின்ட் டு பாயின்ட். நெடுஞ்சாலையில் இறங்க வேண்டிய இடம் வந்ததும் எழுந்து நின்றேன். கண்டக்டர் நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, போர்டு பாக்காமயா ஏறின? நடுவுல எங்கயும் நிக்காது" என்றார். கடைசி வரை போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் மாறி அதே சாலையில் திரும்பி வந்தோம். ஒன்றே கால் மணி நேரம் போனது. பையன் அப்போதே, "அப்பா வந்திருந்தா கேட்டிருப்பாரு" என்றான். அன்று அந்த வாக்கியத்தை ஆறு முறை சொன்னான், எண்ணிக்கொண்டே வந்தேன்.

வாசலில் ஆள் இல்லை. நிஜமாகவே இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் நாலு வண்டி, ஒரு நாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பையைச் சோதித்து நான் கட்டிவந்த புளிசாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள், வெளிச் சாப்பாடு கூடாதாம். அதைத் தெரிந்துதான் கட்டினேன், கேட்டுப் பார்க்கலாம் என்று. சரி, விடுங்கள். டிக்கெட்டை ஸ்கேன் செய்து, தடுப்பு சுழன்று, மூன்று பேரும் உள்ளே போனபிறகு வலது பக்கம் ஒரு வெள்ளைப் பலகை. மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தது: இன்று இயங்காதவை. பதினொரு பெயர்கள். ரோலர் கோஸ்டர், ஃப்ரீ ஃபால், இன்னும் பையன் ஒரு வாரமாக வீடியோவில் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்த அத்தனையும். கீழே பொடி எழுத்தில், வருடாந்திரப் பராமரிப்பு.

பலகைக்குப் பக்கத்தில் நின்ற தம்பியிடம் சண்டைக்குப் போனேன். அவன் பொறுமையாகச் சொன்னான். கோடையிலும் விடுமுறையிலும் ஒரு நாள்கூட நிறுத்த முடியாது, அதனால் பெரிய ரைடை எல்லாம் கழற்றிச் சக்கரம், பேரிங், பிரேக், பெல்ட் என்று பார்ப்பது இந்த மாதத்தில்தான். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கழற்றிப் பார்க்காத ரைடில் என் பிள்ளையை நானே ஏற்றமாட்டேன். என் கோபம் அந்தப் பலகை தடுப்புக்கு உள்ளே இருந்ததில்தான். டிக்கெட் போடும் பக்கத்தில் முப்பதுக்கு மேல் ரைடு என்று படம் போட்டிருந்தார்கள், இந்தப் பதினொன்றைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே முதல் வேலையாக, பணம் கட்டும் முன் போன் செய்யுங்கள். "பார்க் திறந்திருக்கா" என்று கேட்காதீர்கள், திறந்துதான் இருக்கும். "அந்தத் தேதியில் எந்தெந்த ரைடு ஓடாது, அலை அடிக்கும் வேவ் பூல் எத்தனை மணிக்கு, எத்தனை மணிக்கு மூடுவீர்கள்" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

அடுத்தது நான் கனவிலும் நினைக்காத ஒன்று. கூட்டம் இல்லாவிட்டால் வரிசை இருக்காது என்பது உண்மை. காத்திருப்பு இருக்காது என்பது பொய். ஊஞ்சல் மாதிரி ஆடும் கொலம்பஸ் படகுக்குப் போனோம். ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேராவது வேண்டும், இரண்டு பக்கமும் எடை சரியாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டுவேன் என்றார் ஆபரேட்டர். என் பையனோடு பத்து. இருபது நிமிடம் கழித்து ஒருவர் வந்தார், பதினொன்று. பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். தங்கை மகள் 114 சென்டிமீட்டர், படகுக்கு 120 வேண்டும். அவளைக் கீழே தனியாக விட்டுவிட்டு நான் ஏற முடியாது. கல்லூரிப் பையன்கள் சிலர், "ஆன்ட்டி, ஒரு ரவுண்டுதான் ஆன்ட்டி" என்று கெஞ்சினார்கள். செய்யாறுப் பக்கத்து அம்மா ஒருவர், "நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா கண்ணு" என்றார். நல்ல மனுஷி, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருந்தாலும் தங்கை நம்பி அனுப்பிய பிள்ளை, மனம் வரவில்லை. கடைசியில் பக்கத்து ரைடின் ஆபரேட்டரே யூனிஃபார்மோடு ஏறி உட்கார்ந்து கணக்கைச் சரிசெய்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் குற்றவாளி மாதிரி நின்றேன்.

இதைத்தான் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பெரியவர், இரண்டு உயரத்தில் இரண்டு பிள்ளைகள் என்றால் அந்தக் கணக்கு எங்கேயும் உதைக்கும். பெரியவன் போகும் ரைடில் சின்னவள் ஏற முடியாது. சின்னவள் ஏறும் கேட்டர்பில்லரிலும் மேரி கோ ரவுண்டிலும் இவன் உட்கார மாட்டான், மானம் போய்விடுமாம். இவன் மேலே சுற்றும்போது அவள் கீழே அழுவாள், அவள் சுற்றும்போது இவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். நான் நடுவில், தோளில் இரண்டு பை, கையில் மூன்று பேர் செருப்பு. சீசனில் போயிருந்தால் சொந்தக்காரர்களோ தெரிந்தவர்களோ நாலு பேர் சேர்ந்து போயிருப்போம். வாரநாளில் லீவு போட்டு உங்களோடு வர யாரும் இருக்க மாட்டார்கள். சீசன் இல்லாத நாளில் போவதென்றால் இன்னொரு பெரியவர் கட்டாயம். கிடைக்காவிட்டால் ஒரே உயரப் பிள்ளைகளாகக் கூட்டிப்போங்கள். வீட்டிலேயே சுவரோரம் நிற்கவைத்து அளந்து பாருங்கள். டிக்கெட் விலை, ரைடு அனுமதி இரண்டும் பெரும்பாலும் வயதுக்கு இல்லை, உயரத்துக்குத்தான்.

ஒன்று மட்டும் ஒழுங்காகச் செய்திருந்தேன். காலையில் கிளம்பும்போதே இரண்டு பேரையும் நிற்கவைத்து அன்றைய சட்டையோடு போனில் ஒரு படம், சின்னவள் முழங்கைக்கு உள்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் என் நம்பர். ஆஸ்பத்திரியில் நாலு தொலைந்த குழந்தைக் கதை பார்த்த பழக்கம். தண்ணீரில் இறங்கினால் அழியும், திரும்ப எழுத வேண்டும்.

தண்ணீர்ப் பக்கம் போனோம். நைலான் உடை இல்லாமல் இறங்க விட மாட்டார்கள். பருத்தி நூல் பிரிந்து ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும், அதனால் சுடிதாரோ பனியனோ ஆகாது. இது பெரும்பாலான பார்க்குகளில் உள்ள விதிதான். ஊரிலேயே லாங் பஜாரில் வாங்கிக்கொண்டு போயிருந்தால் பாதி விலையில் முடிந்திருக்கும். அங்கே பிள்ளைகளுக்கு ஆளுக்கு 250, எனக்கு வாடகைக்கு 200. யாரோ போட்டுக் கழற்றிய ஈரம் அதில் அப்படியே இருந்தது. மழைநாளில் எதுவும் காயாது அல்லவா, வாடகை உடையும் காயாது. அதைப் போட்டுக்கொண்ட நிமிடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, உடை மாற்றும் அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே வந்தேன். நவம்பர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது, நாம் மே மாதம் மொட்டைமாடித் தொட்டியில் சுடும் தண்ணீர் பார்த்தவர்கள். ஐந்து நிமிடத்தில் சின்னவளுக்குப் பல் கிட்டத் தொடங்கியது. உதடு கத்தரிப்பூ நிறம். தூக்கிக்கொண்டு வந்து துண்டில் சுற்றினேன், ஒரே துண்டு, அதுவும் நனைந்தது. இந்த மாதத்தில் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு ஸ்வெட்டர், பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப்போங்கள். பிள்ளைக்கு வெந்நீர் என்றால் வாசலில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

வேவ் பூல் அன்று இரண்டே முறை, பன்னிரண்டு மணிக்கும் மூன்றரைக்கும். பன்னிரண்டை பஸ் சுற்றலிலும் கொலம்பஸிலும் தொலைத்தாயிற்று. மூன்றேகாலுக்கே கரையில் போய் உட்கார்ந்தோம். சரியாக மூன்றரைக்கு ஒரு இடி. உயிர்காப்பாளர் விசில் அடித்து எல்லோரையும் வெளியே ஏற்றினார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகுதான் தண்ணீரில் இறங்க விடுவார்கள், அது உலகம் முழுக்க உள்ள வழக்கம். அதில் அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பையன் என் போனை வாங்கி நேரம் ஓடவிட்டான். இருபத்தாறாவது நிமிடத்தில் தூரத்தில் ஒரு உறுமல். திரும்பவும் முதலில் இருந்து. பத்தொன்பதாவது நிமிடத்தில் இன்னொன்று. நாலரைக்கு, இன்று அவ்வளவுதான் என்று கயிறு கட்டிவிட்டார்கள்.

சாப்பாட்டை ஒரு வரியில் முடிக்கிறேன்: ஐந்து கடையில் ஒன்று திறந்திருந்தது, அதில் வெஜ் ஃப்ரைட் ரைஸ் மட்டும் இருந்தது, டீயும் பிஸ்கட்டும் சேர்த்து 680 ரூபாய், என் புளிசாதம் வாசலில் ஊசிக்கொண்டிருந்தது.

லாக்கர் கதை கொஞ்சம் பெரியது. வாடகை 150, முன்பணம் 200. பார்க் ஆறு மணி வரை என்று டிக்கெட்டில் இருந்தது. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு நாங்கள் நடுங்கிக்கொண்டு போய் நின்றால், பையை எடுக்க ஆள் இருந்தார், பணம் திருப்பித் தரும் கவுன்டரில் ஷட்டர். ஆள் கம்மியான நாளில் ஐந்துக்கே மூடிவிடுவார்களாம். "நாளைக்கு வந்து வாங்கிக்கங்க மேடம்" என்றார். வேலூரில் இருந்து வந்திருக்கிறேன் என்றேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார், வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. முன்பணம் எதற்குக் கட்டினாலும் அந்தக் கவுன்டர் எத்தனை மணி வரை என்று கட்டும்போதே கேட்டு ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

வெளியே வருமுன் மேனேஜரைப் பார்த்தேன். மழைக்குப் பணம் திருப்பித் தர மாட்டோம், விதிமுறையில் இருக்கிறது என்றார். மழைக்கு நான் கேட்கவில்லை சார், உள்ளே வந்தபிறகு காட்டிய பலகைக்குக் கேட்கிறேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று கூப்பன் எழுதிக்கொடுத்தார், பாதி விலையில் இன்னொரு முறை வரலாம். தேதியைப் பார்த்தேன்: டிசம்பர் 15க்குள், வாரநாள் மட்டும். அதாவது இதே மழையில். நான் ஊருக்கு வந்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், ஒரு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் வரையான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, ஆனால் நடக்க நேரம் வேண்டும். எனக்கு இருப்பது புதன்கிழமை மட்டும். எதற்கும் அந்த வெள்ளைப் பலகையைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்திருக்கிறேன், டிக்கெட் பக்கத்தில் போட்டிருந்த விளம்பரத்தையும். நீங்களும் உள்ளே நுழைந்ததும் அதைச் செய்யுங்கள், அப்புறம் கேட்டால் பலகை இருக்காது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஜயன்ட் வீலில் நாங்கள் மூன்று பேர் மட்டும். அதில் உயரக் கணக்கு இல்லை, பெரியவர் கூட இருந்தால் போதும். தூறல் விட்டிருந்த ஒரு கால்மணி நேரத்தில் அதை ஓட்டிய அண்ணா நிறுத்தவே இல்லை, ஏழு சுற்று. உச்சியில் ஒரு முறை நிறுத்தியும் வைத்தார். கீழே முழுப் பார்க்கும் ஈரமாக, காலியாக, தார்ப்பாய் போட்ட ரைடுகளோடு, திருவிழா முடிந்த மறுநாள் கோயில் திடல் மாதிரி இருந்தது. சின்னவள், "பெரியம்மா, இது எல்லாம் இப்ப நம்மளுதா?" என்று கேட்டாள். நாங்கள் இறங்கும்போது அந்த அண்ணா சொன்ன யோசனையும் உங்களுக்கு: பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் இருந்து பிப்ரவரிக்குள், வாரநாள். மழை போயிருக்கும், வெயில் ஏறியிருக்காது, ரைடும் கழற்றிப் பூட்டியாகியிருக்கும். அந்த நேரத்தில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிற நாளில் கொலம்பஸில் பன்னிரண்டு பேருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

திரும்பிய கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மணிக்கே இருட்டு, நெடுஞ்சாலையில் எந்த வேலூர் பஸ்ஸும் நிற்கவில்லை, 200 ரூபாய்க்கு இரண்டு மழைக்கோட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குப் போட்டு, ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டுக்கே போய் ஏறினோம். போக வர எல்லாம் சேர்த்து வண்டிக்கு 1,060. வேலூர் வந்தபோது மணி பத்தரை. ரோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மழைக்கோட்டோடு இறங்கிய எங்களை ஆட்டோக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சின்னவளுக்கு விடியலில் காய்ச்சல், இரண்டு நாள் நான் லீவு. தங்கை ஒன்றும் சொல்லவில்லை, கஷாயம் மட்டும் வைத்துக் கொடுத்தாள், எனக்கும் சேர்த்து.

வீட்டுக்காரரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன், லாக்கர் முன்பணத்தைத் தவிர. பையன் ரோலர் கோஸ்டரை விடுவதாக இல்லை. அதற்கு 140 வேண்டும், அவன் 137. பூஜை அறைக் கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறான், அதற்கு மூன்று விரல் மேலே இன்னொரு கோடு. தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு அங்கே போய் முதுகை ஒட்டி நின்று, "அம்மா, ஸ்கேல் எடுத்துட்டு வா" என்கிறான்.